வெள்ளிக்கிழமை வெளியே வராத பத்திரம்

அத்தான் சொல்லும் இந்தக் கதையை நான் பல வருஷங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். சந்தேகித்துக்கொண்டே நம்பியும் வந்திருக்கிறேன், அல்லது நம்புகிறவனைப் போல நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்றால் அது இன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். மணி பதினொன்றே கால். சார்பு நீதிமன்றத்தின் வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அத்தான், என் அக்கா வடிவின் புருஷன் சண்முகவேலு, மடியில் அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருக்கிறார். அறுபத்தாறு வயதிலும் அவர் கால் ஆட்டுவதை நிறுத்தவில்லை. பயமில்லாதவன் கால் ஆட்டுவானா, பயந்தவன் ஆட்டுவானா? எனக்கு எதிரே தூணோரம் கோமதியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், கடன் கொடுத்த பூரணலிங்கத்தின் மனைவி. பக்கத்தில் அவள் மகன் செல்வகணபதி, வழக்குப் போட்டவன், போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் வழக்குக்கு முன்னால் இன்னும் இரண்டு இருக்கின்றன. அவை முடிந்ததும் கோர்ட் டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிடுவான். நான் உள்ளே போய்க் கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் செய்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அப்பா வாங்கிய கடன் முழுவதையும் அத்தான் மூலம் கொடுத்துத் தீர்த்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இன்று குறுக்கு விசாரணை. அவர்கள் வக்கீல் கேட்கிற கேள்விகளுக்கு நான் கலையாமல் நின்றால் எடைமேடை எங்களுக்கு. கலைந்தால் ஏலம். பைபாஸ் ஓரம் நாற்பது சென்ட் இடம், அறுபது டன் மேடை, ஒரு தகர ஷெட், அதில் ஒரு மேஜை, அந்த மேஜைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக நான். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. லாரி ஏறும், எண் ஓடும், எண் நிற்கும், சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.

பணத்தோடு பூரணலிங்கத்தின் வீட்டுக்குப் போன கதை இதுதான், அத்தான் சொல்கிறபடி. அவர் எத்தனை முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டில், அப்பாவின் திவசத்தில், வக்கீல் ஆபீஸில். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. “பிரம்பு நாற்காலியில உக்காந்திருந்தாரு மாப்ள. நான் வாசப்படி ஏறும்போதே ‘வாரும் வேலு’ன்னாரு. பையைக் குடுத்தேன். எச்சி தொட்டு ரெண்டு தடவ எண்ணுனாரு. ‘சரியா இருக்கு’ன்னாரு. பத்திரத்தக் கேட்டேன். எந்திரிச்சுட்டாரு, எடுத்துக் குடுக்கத்தான் எந்திரிச்சாரு. அதுக்குள்ள அந்தம்மா வெளக்கக் கொண்டாந்து வச்சுட்டு, ‘வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வச்ச நேரத்துல பீரோவத் தொறந்து பத்திரத்த வெளிய விடுவீகளா’ன்னுட்டா. அவரு சிரிச்சாரு. ‘நாளைக்கு வாரும் வேலு, பத்திரம் எங்க ஓடிப்போவுது’ன்னாரு.” மறுநாள் போனால் பூரணலிங்கம் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஒன்பதாம் நாள் அப்பா இல்லை. எடைமேடையை அடமானம் வைத்த பத்திரம் அவர்கள் பீரோவிலேயே இருந்தது. அதன் பின்பக்கத்தில் வரவு ஒன்றும் எழுதப்படவில்லை, வெள்ளைத்தாள். பூரணலிங்கம் செத்த பிறகு மகன் அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தான், அசலும் வட்டியும் கொடு, இல்லையென்றால் இடத்தை ஏலம் விடு என்று. நம்பத்தகாதது இந்தக் கதையில் எதுவுமே இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் எந்த வீட்டுப் பெண்பிள்ளை பீரோவைத் திறக்க விடுவாள்? எங்கள் வக்கீல் செண்பகமூர்த்திகூட முதல்முறை கேட்டுவிட்டு, “இதைப் பொய்யா ஜோடிக்க முடியாது சார், அப்படியே நம்ம வீட்டுல நடக்கிறது” என்றார். நம் வீட்டில் நடப்பதைப் போலவே இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையில் நடந்தது எதுவும் இவ்வளவு கச்சிதமாக ஞாபகத்தில் இருக்குமா? என் கல்யாணத்தன்று நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அத்தானுக்குப் பிரம்பு நாற்காலி ஞாபகம் இருக்கிறது, எச்சில் தொட்டு எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் சந்தேகப்படுவதற்கு நான் யார் என்று உடனே இன்னொரு குரல் கேட்கிறது. அந்தக் கடன் யாருக்காக வாங்கியது? எனக்காக. நான்தான் மினரல் வாட்டர் கம்பெனி வைக்கிறேன் என்று அப்பாவை நச்சரித்தேன், எடைமேடையை அடமானம் வைக்கச் சொன்னேன், ஐந்து லட்சம் வாங்கி இரண்டே வருஷத்தில் காலி கேன்களும் துருப்பிடித்த குழாய்களுமாக ஆக்கினேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் ஊரில் இருந்த நிலத்தை விற்றார். பணம் வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார், பூரணலிங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று. நான் மாட்டேன் என்றேன். பூரணலிங்கம் ஒருமுறை கடைத்தெருவில் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, தண்ணி வியாபாரம் தண்ணியா ஓடுதா” என்று கேட்டிருந்தார், பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள், அதனால் மாட்டேன் என்றேன். நான் போயிருந்தால் பத்திரம் இல்லாமல் அந்தப் படியை விட்டு இறங்கியிருக்க மாட்டேன். அல்லது நானும் இறங்கியிருப்பேனோ? ‘நாளைக்கு வாரும்’ என்று சொன்னால் சரி என்று எழுந்து வருகிறவன்தானே நானும். எப்படியோ, நான் போகவில்லை, அத்தான் போனார். போகாதவன், போனவரைச் சந்தேகிப்பது எவ்வளவு வசதி. குற்றத்தை என் மேலிருந்து இறக்கி அவர் மடியில் வைத்துவிடலாம், அந்தச் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில். இப்படித்தான் நான் ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுவேன். பாதி வழி போய், என் பெயர் எழுதிய மைல்கல்லைப் பார்த்துத் திரும்பிவிடுவேன்.

சாப்பாட்டுப் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வாசனை வருகிறது. அக்கா காலையில் இரண்டு டப்பாக்களையும் இறுக்கி மூடிக்கொண்டே, “அவுக சொன்ன மாதிரியே சொல்லிரு தம்பி, கூட ஒண்ணும் சேக்காத, குறைக்காத” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பா மூடி சரியாக உட்காரவில்லை, அதனால் பார்த்தாள், அவ்வளவுதான். அக்காவையும் நான் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டேன் பார். அவளுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே வாழ்க்கை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் பார்த்துக்கொள்வதற்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தானுக்கும் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. கட்டுப் பிரித்த அன்று அம்மா பச்சைத்துணியை நெற்றியிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, “எல்லாரு மூஞ்சியும் தெரியுதுடா, எவ்வளவு கருத்துப்போயிட்டீங்க எல்லாரும்” என்றாள். நாங்கள் சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். ராத்திரி சப்பாத்தியைத் தட்டில் அடுக்கி மேலே தட்டுக் கவிழ்த்து அக்கா உட்கார்ந்திருந்தாள். மருமகன் முகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா தூங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள், இன்னும் மாப்பிள்ளை வரலையா, இன்னும் மாப்பிள்ளை வரலையா என்று. அத்தான் மறுநாள் மத்தியானம்தான் வந்தார், மதுரைக்குச் செம்புக் கம்பி விலை கேட்கப் போனேன், பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று. சப்பாத்தி கோழிக்குப் போனது. எதற்கு இது இப்போது ஞாபகம் வருகிறது? எலுமிச்சை ஊறுகாய், சப்பாத்தி, அம்மாவின் பச்சைத்துணி. மனசு ஒரு லாரி டிரைவரைப் போல, மேடையில் ஏறச் சொன்னால் டீக்கடைப் பக்கம் ஒதுக்கிவிட்டு நிற்கிறது. அம்மா மறு வருஷம் போய்விட்டாள். கோர்ட்டையெல்லாம் பார்க்காமல் போனது நல்லது.

கோமதியம்மாள் என்னைப் பார்க்கிறாள். இல்லை, என் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலைப் பார்க்கிறாள். இல்லை, என்னைத்தான். போன வாய்தாவில் அவள் கூண்டில் ஏறினாள். செண்பகமூர்த்தி குரலை இளக்கிக்கொண்டு, “ஏம்மா, உங்க வீட்டுல வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பொறகு பத்திரம், பணம் எதையாவது வெளிய குடுப்பீங்களா?” என்றார். “குடுக்க மாட்டோம்” என்றாள். வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. “குடுக்க மாட்டோம், அது நெசந்தான். ஆனா அன்னைக்கு யாரும் வரலையே. வந்தாத்தான குடுக்காம இருக்க முடியும்?” என்றாள். ஜட்ஜ்கூட நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் முதல் பதில் போதும் என்கிறார். எனக்கு இரண்டாவது பதில்தான் பதினெட்டு நாளாகக் காதில் இருக்கிறது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பொய் என்று நினைத்திருப்பேன். காய்கறிக்காரனிடம் கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். அதோடு பிராதில் அவர்கள் எழுதியிருப்பது வேறு. பூரணலிங்கம் உயிரோடு இருந்தவரை மாதாமாதம் வட்டி வந்துகொண்டிருந்ததாம், எங்கள் ஆள் கொண்டுவந்து கொடுத்தாராம், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை. “வழக்குப் போடுற காலாவதியைத் தாண்டுறதுக்கு எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க” என்றார் வக்கீல். சரி. பொய்யாக எழுதுகிறவன் ஒன்றாம் தேதி என்று எழுதுவான், ஐந்தாம் தேதி என்று எழுதுவான். முதல் திங்கட்கிழமை என்று எதற்கு எழுதுகிறான்? அத்தான் தன் மோட்டார் ரீவைண்டிங் கடையை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அரைநாள் அடைப்பார். கோயிலுக்கு என்பார். எந்தத் திங்கட்கிழமை, முதலா, மூன்றாவதா, நான் கவனித்ததில்லை. கவனிக்காமல் இருந்தேனா, கவனிக்கக்கூடாது என்று இருந்தேனா? அந்தக் கடை, அதற்கு முன்னால் ரொம்ப நாள் மூடிக்கிடந்த அந்தக் கடை, அப்பா செத்த வருஷம் ஆவணியில்தான் மறுபடி திறந்தது, புதுப் பலகையோடு. யாரோ சினேகிதன் உதவினான் என்றார்கள். சினேகிதனின் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூரணலிங்கம் அப்பாவின் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்து என் கையைப் பிடித்தார். அந்த நிமிஷம் கேட்டிருக்கலாம், பணம் வந்து சேர்ந்ததா என்று. அதற்குப் பிறகு அவர் பதினோரு வருஷம் இதே ஊரில், இதே மேட்டுத் தெருவில் உயிரோடு இருந்தார். சைக்கிளில் போனால் எட்டு நிமிஷம். போய்க் கேட்டால் ஒரே வார்த்தையில் தெரிந்துபோகும், அதனால்தான் நான் போகவில்லை. ஆனால் அவரும் கேட்கவில்லையே? கடன் கொடுத்தவன் பதினோரு வருஷம் சும்மா இருப்பானா? வட்டி வந்துகொண்டிருந்தால் இருப்பான். கடன் தீர்ந்திருந்தாலும் இருப்பான். இந்த இடத்தில்தான் எப்போதும் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அங்கேயே சுழல்கிறது.

வக்கீல் குமாஸ்தா அய்யாத்துரை கட்டுகளை இடுக்கிக்கொண்டு வந்தார். “அடுத்தது நம்மதுதான் சார். ஒரு நகல் மனு போடணும், இருநூறு குடுங்க.” நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். கை பணத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நான் வெள்ளிக்கிழமை பெட்ரோல் போடுகிறேன், கரண்ட் பில் கட்டுகிறேன், ஆனால் யாராவது எதிரே நின்று கையை நீட்டினால் மட்டும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அத்தான் பார்த்துவிட்டார், பெரிதாகச் சிரித்தார். “என்ன மாப்ள, மாமா ஆவி வந்து கையப் புடிக்குதோ?” என்று தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அய்யாத்துரையிடம் திரும்பி, “இவுக அப்பா இருந்தாரே, வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா பத்து பைசா வெளிய விட மாட்டாரு மனுசன். லாரிக்காரனுக்குக் குடுக்க வேண்டிய சில்லறைய வியாழக்கிழமையே எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெளிய வச்சுருவாரு. பொட்டிய மட்டும் தொறக்க மாட்டாரு. நான் கலியாணமான புதுசுல ஒரு வெள்ளிக்கிழமை கைமாத்துக் கேட்டு நின்னேன் பாரும், புது மருமகன்கூடப் பாக்கல, ‘நாளைக்கு வாரும் மாப்ள’ன்னுட்டாரு” என்றார். அய்யாத்துரை சிரித்துக்கொண்டே போனார். அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் இழுபட்டது தெரிந்தது.

நாளைக்கு வாரும். அதே வார்த்தை. ஒரே வார்த்தையை இரண்டு பேர் சொல்லக்கூடாதா என்ன, ஊரே சொல்லும். அது இல்லை, வேறு ஏதோ இருக்கிறது, கையில் தொட்ட பணம் இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல. ஹார்லிக்ஸ் பாட்டில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூடி போன பாட்டில், மேஜையின் இடது மூலை. சாகும் வரை அப்பா அதை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் மருந்துக்குப் பெட்டியைத் திறக்க மறுத்து, பக்கத்து டீக்கடையில் என்னைக் கடன் வாங்கி வரச் சொன்னவர். அவர் ஒரு வெள்ளிக்கிழமை, நிலத்தை விற்று வந்த மொத்தப் பணத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே அனுப்புவாரா? மாட்டார். மாட்டார். அப்படியானால் வியாழக்கிழமையே கொடுத்திருக்கிறார், விளக்கு வைப்பதற்கு முன்னால், கிழக்கே பார்த்து நின்று. இத்தனை வருஷத்தில் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? அத்தானின் கதை எப்போதும் பூரணலிங்கத்தின் வாசற்படியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் இருந்ததை அவர் சொன்னதில்லை. பத்திரம் ஏன் வரவில்லை, பத்திரம் ஏன் வரவில்லை என்று கதையின் வாலையே நானும் வக்கீலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தோம். லாரியை லோடோடு மேடையில் ஏற்றி எடை போட்டுவிட்டேன், காலி வண்டியை ஏற்றிப் பார்க்கவே இல்லை, இருபத்தாறு வருஷம் அதைத்தவிர வேறு வேலை செய்யாதவன். வியாழக்கிழமை. அம்மாவுக்கு ஆபரேஷன் புதன்கிழமை. மறுநாள் காலையில்தான் கட்டுப் பிரித்தார்கள். எல்லார் முகமும் தெரிகிறது என்றாள். அன்று சாயங்காலம்தான் அப்பா என்னைக் கூப்பிட்டு நீ போ என்றார், நான் மாட்டேன் என்று கத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன், அம்மாவுக்குக் காதில் விழக்கூடாதே என்று அப்பா குரலை இறக்கினார். நான் மாடியில் நின்றிருந்த அந்த நேரத்தில், கீழே, பெட்டி திறந்திருக்கிறது. அம்மா படுத்திருந்த அறைக்குள் எட்டிப்பார்க்காமலே அத்தான் பையோடு வாசல் இறங்கியிருக்கிறார். அன்று ராத்திரிதான் சப்பாத்தி. அன்று ராத்திரிதான் இன்னும் மாப்பிள்ளை வரலையா.

“உலகநாதன் மகன் திருமேனி.” டவாலியின் குரல். செல்வகணபதி போனை அணைக்கிறான். கோமதியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். செம்புக் கம்பி விலை கேட்க ஒருவன் ஐந்து லட்சத்தோடு மதுரைக்குப் போவானா? போகாமலும் இருக்கலாம். வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எந்த வீட்டில்? அவர் வீடு பூட்டிக்கிடந்தது, சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது, அக்கா எங்கள் வீட்டில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குத் தெரியுமா? கூட ஒன்றும் சேர்க்காதே, குறைக்காதே. தெரிந்தால் எவ்வளவு வருஷமாகத் தெரியும்? நான் உள்ளே போய் எழுதிக் கொடுத்ததையே சொல்லிவிடலாம். வக்கீல் சொன்னபடி நின்றால் ஜெயிக்கலாம். மேடை மிஞ்சும், அக்கா மிஞ்சுவாள், முதல் திங்கட்கிழமைகள் எல்லாம் அந்த அம்மாளின் பொய்யாகிவிடும். நான் இதை யோசிக்காமல் இருந்திருக்கலாம். இன்று ஒரு வியாழக்கிழமையாக இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன்.

“உலகநாதன் மகன் திருமேனி.” இரண்டாம் முறை. “எந்திரி மாப்ள, கூப்புடுதான் பாரு” என்று அத்தான் என் முழங்கையைத் தொட்டார். “பயப்படாத. பிரம்பு நாக்காலி, வெளக்கு, நாளைக்கு வாரும். அவ்வளவுதான்.” நான் எழுந்தேன். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு வழிவிட்டு நின்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவருடைய இந்த வயதை என் அப்பா எட்டவில்லை, நான் அந்த வயதுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். என் குரல் எனக்கே மெதுவாகக் கேட்டது, எடைச்சீட்டில் என்ன பெயர் போட வேண்டும் என்று ஒரு டிரைவரிடம் கேட்பதைப் போல.

“வியாழக்கிழமை ராத்திரி அந்தப் பணம் எங்க இருந்துச்சு, அத்தான்?”